முகவரியும் வழியும் திறவுகோலும்

எங்கள் ஊராகிய குடிபாலா, சித்தூருக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்தது. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் தெலுங்கு, விண்ணப்பப் படிவத்தில் ஆங்கிலம் என மூன்று மொழிகளோடு வாழ்க்கை நடத்துவது எங்கள் பக்கத்து மக்களுக்குப் புதிதன்று. 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தோன்றியபோது சித்தூர் அதனோடு சேர்ந்தது. 1960இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியபோதும், எங்கள் ஊர் இருந்த பக்கத்திலேயே இருந்துவிட்டது. ஆட்சிகள் மாறினவே தவிர ஊர் ஓர் அடியும் நகரவில்லை. அதன் முகவரிதான் மாறிக்கொண்டே வந்தது.

முகவரி என்பது எத்துணை நுட்பமானது என்பதை எல்லைப்புறத்தார் நன்கு அறிவர். 1972ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. சித்தூர்ப் பகுதிக்கு 517 என்றும், வேலூர்ப் பகுதிக்கு 632 என்றும் தொடங்கும் எண்கள் அமைந்தன. இடைப்பட்ட தொலைவு பேருந்தில் சிறு பயணமே. ஆயினும் 517 என்று எழுத வேண்டிய இடத்தில் 632 என்று எழுதிவிட்டால், கடிதம் மாநில எல்லையைத் தாண்டிச் சென்று சுற்றிக்கொண்டு வரவேண்டியதுதான். பெயர் சரி, ஊர் சரி, கையெழுத்தும் சரி. வழி மட்டும் பிசகிற்று. அதற்காகக் கடிதம் எழுதியவரை எழுத்தறியாதவர் என்று எவரும் இகழ்ந்ததில்லை.

இதனை ஈண்டு நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. இன்று வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகளுக்கு முதல் நாளே புதிய முகவரி ஒன்று வழங்கப்படுகிறது. அதுவே அலுவலக மின்னஞ்சல் கணக்கு. அதனை அவுட்லுக், தண்டர்பேர்டு போன்ற அஞ்சல் மென்பொருள் ஒன்றில் தாமே அமைத்துக்கொள்ளுமாறு பணிக்கிறார்கள். பெயரையும் முகவரியையும் கடவுச்சொல்லையும் அடித்து முடித்தவுடன், திரையில் ஒரு பிழைச் செய்தி தோன்றுகிறது. கடிதம் வழிதவறினால் இகழாத உலகம், இந்தக் கணக்குத் திறவாவிட்டால் அந்தப் பிள்ளையை ஐயத்தோடு நோக்குகிறது. அதனினும் கொடிது, அப்பிள்ளை தன்னைத்தானே ஐயுறத் தொடங்குவது.

எம் தங்கை மகனுக்கு நேர்ந்தது இதுவே. எங்கள் குடும்பத்தில் மேசைமுன் அமர்ந்து சம்பளம் வாங்கப் புறப்பட்ட முதல் பிள்ளை அவன். வணிகவியல் படித்து, சென்னையிலுள்ள ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில், வீட்டிலிருந்தே பார்க்கும் வேலையில் சேர்ந்தான். வங்கி விவரங்களும் சான்றிதழ்களும் அடங்கிய சேர்க்கைப் படிவத்தை, அலுவலக மின்னஞ்சல் வழியாகவே அன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும் என்பது நிறுவனத்தார் கட்டளை. காலையிலிருந்து அவன் கணக்கை அமைக்க முயன்றும் கூடவில்லை. நண்பகலில் எமக்குத் தொலைபேசி வந்தது. முதலில் பேசியவள் தங்கை.

“அண்ணா, காலையிலிருந்து பிள்ளை சாப்பிடவில்லை. இந்த வேலை இவனுக்கு ஒத்து வராதோ?” என்றாள்.

பிறகு அவன் பேசினான். “மாமா, அவர்கள் கொடுத்த தாளைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் அடித்தேன். பத்து முறைக்கு மேல் அடித்துப் பார்த்துவிட்டேன். எனக்குத்தான் ஏதோ தெரியவில்லை.”

“மாப்பிள்ளை, இனி எதையும் அடிக்க வேண்டாம். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் அப்படியே படித்துச் சொல்” என்றோம்.

இங்கே சற்று நின்று, இந்த அஞ்சல் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கூறிவிடுவது நலம். 1971இல் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு வலைப்பின்னல் வழியே அஞ்சல் அனுப்பிக் காட்டினார். ஆளின் பெயரையும் கணிப்பொறியின் பெயரையும் பிரித்துக் காட்ட, அவர் தேர்ந்தெடுத்த சுழிக்குறியே இன்றும் எல்லா மின்னஞ்சல் முகவரிகளின் நடுவிலும் நிற்கிறது. அனுப்பும் முறைக்கான எஸ்.எம்.டி.பி. என்னும் நெறி 1982இல் வரையறுக்கப்பட்டது. பெறும் முறைக்கு இரண்டு நெறிகள் உண்டு. ஒன்று 1984இல் முதல் வடிவம் பெற்ற பாப். அஞ்சல் நிலைய நெறி என்பதே அதன் பெயரின் பொருள். மற்றொன்று 1986இல் மார்க் கிரிஸ்பின் என்பார் வகுத்த ஐமேப். இந்தியப் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்ட் 15ஆம் நாள். அன்று அதனை வழங்கியது வி.எஸ்.என்.எல். என்னும் அரசு நிறுவனம்.

ஆகவே ஒரு மின்னஞ்சல் கணக்கு என்பது பார்வைக்கு ஒன்றேயாயினும், உள்ளே இரண்டு வழிகளைக் கொண்டது. கடிதம் வரும் வழி ஒன்று. கடிதம் போகும் வழி மற்றொன்று. ஒவ்வொரு வழிக்கும் மூன்று செய்திகள் தேவை. எந்த சர்வருக்குச் செல்வது என்னும் பெயர். அந்த சர்வரில் எந்த வாயிலில் நுழைவது என்னும் போர்ட் எண். நுழைவோர் உரியவரே என்று காட்டும் அடையாளம். சர்வர் என்பது ஊர் போன்றது. போர்ட் என்பது வாயில் போன்றது. கடவுச்சொல் என்பது திறவுகோல் போன்றது. ஊர் தவறினாலும், வாயில் தவறினாலும், திறவுகோல் பொருந்தாவிட்டாலும், முடிவில் கிடைப்பது திறவாத கணக்கே. ஆனால் இம்மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு. எல்லாவற்றுக்கும் கடவுச்சொல்லையே திரும்பத் திரும்ப அடிப்பது, தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே தைலத்தைத் தடவுவது போன்றதாம்.

மருமகன் படித்துச் சொன்ன முதற்செய்தியின் பொருள், சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது. இச்செய்தியில் கடவுச்சொல்லைப் பற்றிய பேச்சே இல்லை என்பதை நோக்குக. ஊரையே சென்றடையாதவன் கதவு திறக்கவில்லை என்று வருந்துவது வீண். எனவே, அஞ்சல் மென்பொருளை விட்டுவிட்டு, இணைய உலாவியில் நிறுவனத்தின் அஞ்சல் பக்கத்துக்கு நேரே சென்று, அதே பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டுப் பார்க்கச் சொன்னோம். அங்கே கணக்கு உடனே திறந்தது. வந்து காத்திருந்த மூன்று கடிதங்களும் தெரிந்தன.

இந்த ஒரு சோதனை பாதிச் சிக்கலை அவிழ்த்துவிடும். உலாவியில் கணக்குத் திறக்குமாயின், கணக்கு உயிரோடிருக்கிறது, கடவுச்சொல்லும் சரியே, குறை மென்பொருளுக்குக் கொடுத்த விவரங்களில் இருக்கிறது, அல்லது அந்த மென்பொருளுக்கு இசைவு வழங்கப்படவில்லை என்பது தெளிவாகும். உலாவியிலும் திறக்கவில்லையாயின், நாம் வீட்டில் எத்தனை முறை முயன்றும் பயனில்லை. கணக்கை வழங்கிய அலுவலகத்தாரிடமே கேட்க வேண்டும். கடவுச்சொல்லைப் பலமுறை தவறாக இட்டால் கணக்கைச் சிறிது நேரம் பூட்டிவிடும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. ஆதலின் பொறுமையிழந்து மீண்டும் மீண்டும் அடிப்பது நோயை வளர்ப்பதே ஆகும்.

உலாவியில் திறந்த கணக்கின் அமைப்புப் பகுதியில், வரும் அஞ்சலுக்கும் போகும் அஞ்சலுக்கும் உரிய சர்வர் பெயர்கள் குறிக்கப்பட்டிருந்தன. அவற்றை, நிறுவனம் தந்த தாளோடு ஒப்பிட்டுப் படிக்கச் சொன்னோம். இரண்டும் வேறு வேறாயிருந்தன. நிறுவனம் தன் அஞ்சலை வேறு சர்வருக்கு மாற்றிவிட்டிருந்தது. புதியவர்களுக்குக் கொடுக்கும் தாளை மட்டும் மாற்றவில்லை. பிள்ளை எழுத்துப் பிசகாமல் அடித்தது உண்மை. பிசகு தாளிலேயே இருந்தது.

“அப்படியானால் தவறு என்னுடையது அன்றா, மாமா?” என்று கேட்டான். அந்தக் கேள்வியில் அவனுக்குப் பாதி உயிர் திரும்பியதை உணர்ந்தோம்.

புதிய பெயரை இட்டதும் செய்தி மாறிற்று. இப்போது, பெயரோ கடவுச்சொல்லோ தவறு என்று திரை கூறியது. இதைக் கண்டு அவன் மீண்டும் சோர்ந்தான். உண்மையில் இது முன்னேற்றம். ஊரை அடைந்தாயிற்று, வாயிலும் கிடைத்தது, திறவுகோல் ஒன்றே எஞ்சியது. உலாவியில் ஏற்கப்பட்ட அதே கடவுச்சொல் இங்கே ஏற்கப்படாதது ஏன்? இதன் விடை அண்மை ஆண்டுகளின் மாற்றத்தில் இருக்கிறது.

முற்காலத்தில் அஞ்சல் மென்பொருளிடம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால், அது அதனைத் தன்னிடம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் சர்வரிடம் காட்டும். அவ்வாறு வைக்கப்பட்ட கடவுச்சொல் திருடப்பட்டால் கணக்கு முழுவதும் பறிபோகும். ஆகவே கூகுள் நிறுவனம் 2022 மே 30 முதல், பெயரும் கடவுச்சொல்லும் மட்டுமே கேட்கும் மென்பொருள்களைத் தனியார் கணக்குகளில் ஏற்பதை நிறுத்தத் தொடங்கியது. மைக்ரோசாப்ட் நிறுவனமும் 2022 அக்டோபர் முதல், அலுவலகங்களுக்குரிய தன் அஞ்சல் சேவையில், பாப், ஐமேப் ஆகிய நெறிகளுக்கு அந்தப் பழைய முறையை நீக்கலாயிற்று. இப்போது உலாவிச் சாளரம் ஒன்று திறந்து, அதில் நாமே உள்நுழைந்து, இந்த மென்பொருள் என் அஞ்சலைப் பார்க்கலாம் என்று இசைவு தருவது ஒரு முறை. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, அந்த மென்பொருளுக்கென்றே தனிக் கடவுச்சொல் ஒன்றைப் பெற்று இடுவது மற்றொரு முறை. கூகுள் தரும் இத்தகைய தனிக் கடவுச்சொல் பதினாறு எழுத்துகள் கொண்டது.

மருமகனின் நிறுவனக் கணக்கிலும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இயக்கப்பட்டிருந்தது. கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று தனிக் கடவுச்சொல் ஒன்றை அவன் உண்டாக்கினான். அதை எமக்குப் படித்துக் காட்ட முற்பட்டபோது தடுத்தோம். மாமனாயினும் மைத்துனனாயினும் கடவுச்சொல் காதில் விழலாகாது. அதனை அவனே இட்டான். கடிதங்கள் வரிசையாக வந்து இறங்கின.

இனி அனுப்புவது ஒன்றே பாக்கி. படிவத்தை இணைத்து அனுப்பினான், போகவில்லை. வரும் வழி திறந்துவிட்டமையால் போகும் வழியும் திறந்திருக்கும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் முன்பே கூறியவாறு அவை இரண்டு வழிகள். பழைய தாளில் போகும் அஞ்சலுக்கு 25 என்னும் போர்ட் எண் குறிக்கப்பட்டிருந்தது. வேண்டாத அஞ்சல்கள் அவ்வழியே பெருகியமையால், இணையச் சேவை தருவோர் பலர் வீட்டு இணைப்புகளில் அதனை அடைத்து வைத்துள்ளனர். இக்காலத்தில் பயனர் அஞ்சல் அனுப்புதற்கு உரிய வாயில்கள் 587, 465 என்பன. பெறுவதற்கு ஐமேப் ஆயின் 993, பாப் ஆயின் 995. அன்றியும், போகும் சர்வருக்கும் அடையாளம் காட்ட வேண்டும் என்னும் கட்டத்தில் அவன் மென்பொருளில் குறியிடப்படவில்லை. எண்ணை 587 என மாற்றி, அந்தக் கட்டத்திலும் குறியிட்டபின், படிவம் புறப்பட்டுச் சென்றது. மணி ஐந்தாக இன்னும் நேரம் இருந்தது. தங்கை சோறு எடுத்துவைக்கும் ஓசை தொலைபேசியில் எமக்குக் கேட்டது.

ஒரு பகற்பொழுதில் முடிந்த இச்சிறு நிகழ்ச்சியை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், அந்தப் பிழைச் செய்திகளின் இயல்பே. ‘உங்கள் கடவுச்சொல் தவறு’ என்று திரை சொல்லியது. உண்மையில் கடவுச்சொல் தவறன்று. அவ்வகைக் கடவுச்சொல்லை அவ்வாயிலில் இப்போது ஏற்பதில்லை என்பதே நடப்பு. சட்டம் மாறியதைச் சொல்லாமல், வந்தவனைக் குற்றவாளியாக்குவது என்ன நீதி? நகரத்தில் வளர்ந்து, அலுவலகப் பழக்கம் தலைமுறையாகக் கண்ட வீட்டுப் பிள்ளையாயின், கருவியைக் குறைகூறிவிட்டு உதவிப் பிரிவை அழைத்திருப்பான். முதல் தலைமுறையாக மேசைமுன் அமர்ந்த பிள்ளையோ, திரை சொல்வதே உண்மை என்று நம்பித் தன்னையே நொந்துகொள்கிறான். பசியோடு ஒரு காலைப்பொழுதைக் கழிக்கிறான். தாயும் வேலை ஒத்து வராதோ என்று அஞ்சுகிறாள். இவ்வாறு அஞ்சி, கிடைத்த வேலையைச் சில நாளில் விட்டு விலகிய பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் இல்லை என்று எம்மால் சொல்ல இயலவில்லை.

ஆகவே வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் நம் குடும்பத்தார், ஊரிலிருந்து இத்தகைய அழைப்பு வரும்போது, சில முறைகளை நினைவிற்கொள்வது நன்று. முதலில், செய்தியைச் சொல்லுக்குச் சொல் படிக்கச் செய்க. சர்வர் கிடைக்கவில்லை என்பது பெயர்க் கோளாறு, அல்லது இணைய இணைப்பே இல்லாமை. நெடுநேரம் காத்து விடை வரவில்லை என்பது பெரும்பாலும் வாயில் எண்ணின் கோளாறு. அடையாளம் ஏற்கப்படவில்லை என்பது திறவுகோலின் கோளாறு. இதிலும், பயனர் பெயர் என்னுமிடத்தில் சுழிக்குறியோடு கூடிய முழு முகவரியை இட்டிருக்கிறாரா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பாதுகாப்புச் சான்று பற்றிய எச்சரிக்கை வருமாயின், கணிப்பொறியின் தேதியும் நேரமும் சரியா என நோக்குக. சான்றுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு, கணிப்பொறியின் நாள்காட்டி பிசகினால் நல்ல சான்றும் காலாவதியானதாகத் தோன்றும். நாளும் நேரமும் சரியாயிருந்தும் எச்சரிக்கை நீங்காவிடில், அதனைப் புறக்கணித்துச் செல்லாமல் அலுவலகத்தாரைக் கேட்பதே அறிவுடைமை.

மற்றொன்று, பாப், ஐமேப் இரண்டில் எதைத் தேர்வது என்பது. பாப் முறையில் கடிதம் நம் கணிப்பொறிக்கு இறக்கப்படும். மென்பொருளின் அமைப்புக்கு ஏற்ப, சர்வரிலிருந்து நீக்கப்பட்டும் விடும். ஐமேப் முறையிலோ கடிதம் சர்வரிலேயே இருக்க, கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் ஒன்றுபோல் காணலாம். இரு கருவிகளில் வேலை பார்க்கும் அலுவலகத்தார்க்கு ஐமேப் முறையே ஏற்றது.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. அவசரத்தில் இணையத்தில் தேடிக் கிடைத்த எண்ணை அழைத்து, முன்பின் அறியாதவர் கையில் கணிப்பொறியை ஒப்படைப்பதும், ஒருமுறைக் கடவெண்ணைச் சொல்வதும் கூடா. உதவுவார்போல் வந்து பணம் பறிப்போர் மிகுந்த காலம் இது. அத்தகைய இழப்பு நேர்ந்தால், இந்தியாவில் 1930 என்னும் எண்ணில் உடனே முறையிடலாம்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். மருமகனுக்குத் தமிழ் வீட்டில் வந்தது. தெலுங்கு ஊரில் வந்தது. ஆங்கிலம் தேர்வுக்கு வந்தது. பிழைச் செய்தியோ அவன் தேர்வுக்குப் படித்த ஆங்கிலத்தில் இல்லை. தமிழர் தொழில்நுட்பத்தில் பின்தங்கியவர் அல்லர். ஸ்ரீதர் வேம்பு முதலியோர் தொடங்கிய சோகோ நிறுவனம் சென்னையிலும் தென்காசியிலும் இருந்துகொண்டு அஞ்சல் மென்பொருளை உலகுக்கே விற்கிறது. சுழிக்குறிக்கு இருபுறமும் தமிழெழுத்தாலேயே அமைந்த முகவரிக்கு வழிசெய்யும் உலக நெறியும் 2012இல் வந்துவிட்டது. இவ்வளவும் இருந்தும், கணக்கை அமைக்க முயலும் ஒரு சிற்றூர்ப் பிள்ளையின் கையில், ‘நீ ஊரை அடையவில்லை, பெயரைச் சரிபார்’ என்று தமிழில் சொல்லும் ஒரு தாள் இல்லை.

அந்தத் தாளை எழுதுவது பெருஞ்செயல் அன்று. நம் சங்கங்களில் இத்துறையில் பணிபுரிவோர் பலர் உள்ளனர். அவர்களுள் நால்வர் ஒரு மாலைப்பொழுது கூடினால், பிழைச் செய்திகள் பன்னிரண்டையும் அவற்றின் பொருளையும் எளிய தமிழில் எழுதிவிடலாம். விழா மலரோடு அதனையும் அச்சிட்டு, ஊரிலுள்ள பள்ளிக்கும் கல்லூரிக்கும் நூலகத்துக்கும் அனுப்பலாம். ஆண்டுதோறும் அதனைத் திருத்துவதும் வேண்டும். மாற்றப்படாத தாள் செய்யும் தீங்கினை மேலே கண்டோம். பொருளுதவி செய்வோர் நம்மிடையே பலர் உளர், அது போற்றத்தக்கதே. அதனோடு, வேலையின் முதல் வாரத்தில் தன்மேலேயே நம்பிக்கை இழந்து நிற்கும் ஒரு பிள்ளைக்கு, குறை உன்னிடம் இல்லை, வழியில் இருக்கிறது, வா, சேர்ந்து தேடுவோம் என்று தாய்மொழியில் சொல்லும் உதவியையும் நாம் மேற்கொள்வோமாக.